மாஸ்டரின் அளவுக்கு ஒரு கார்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவருக்கு ஸ்டூல் மாஸ்டர் என்று பெயர். கூரையில் வெல்டிங் வைக்க மற்றவர்கள் கையைத் தூக்கினால் போதும், இவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கேலி செய்தவர்களை அவர் கண்டுகொண்டதே இல்லை. ஆனால் உலகத்தில் ஏதாவது ஒன்றாவது தன் உயரத்துக்கு அமைய வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஒன்று கார். உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்த ஐம்பது வருஷத்துப் பழைய வண்டியை இழுத்து வந்து, நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்தார். துருவை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். வேறு எஞ்சினும் நல்ல பிரேக்கும் மாட்டினார். முன்சீட்டு அந்தக் காலத்து வழக்கப்படி பெஞ்சு மாதிரி ஒரே நீளம். அதை நாலு விரற்கடை உயர்த்தி, ஒரு சாண் முன்னால் தள்ளி, தரையோடு வெல்டிங் அடித்துவிட்டார். ஸ்டியரிங்கையும் தாழ்த்தினார். பதினோரு வருஷம் அதில் ராஜா மாதிரி போய்வந்தார். பக்கத்தில் மனைவி, அவரைவிட ஒரு தலை உயரம்.

பிறகு கண் டாக்டர், ஓரப் பார்வை மங்கிவிட்டது, இனிமேல் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் மாஸ்டர் நிற்கிற வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் விற்கிறேன் என்றார். பிரித்துப்போடாமல், அப்படியே ஓட்டுகிற கைக்குத்தான் தருவேன் என்பதில் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார்.

வந்தவர்களெல்லாம் முட்டியை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். "மாஸ்டர், இது காரா, மடக்கு நாற்காலியா?" என்றார் ஒருவர். பழைய கார் சேர்க்கிறவர் ஒருவருக்கு வண்டி பிடித்திருந்தது. ஆனால், "நீங்க மாத்தினதையெல்லாம் பிச்சுட்டு பழையபடி ஆக்கிடுவேன்" என்று வாயை விட்டார். மாஸ்டர் அவரை வாசல்வரைகூட வழியனுப்பவில்லை.

அடுத்து மருந்துக்கடை வைத்திருக்கும் கணவனும் மனைவியும் வந்தார்கள். மாஸ்டர் எஞ்சின், பிரேக் எல்லாவற்றையும் கணவரிடமே விளக்கினார். நெட்டையான மனுஷர். ஸ்டியரிங்குக்கு அடியில் முட்டி மாட்டி, அவரை வெளியே உருவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதுவும் போச்சு என்று மாஸ்டர் கதவைச் சாத்தப் போனார்.

"நான் உட்கார்ந்து பாக்கலாமா?" என்றாள் அதுவரை யாரும் தன்னோடு ஒரு வார்த்தை பேசியிராத மருந்துக்கடை அம்மா. "ஓட்டப்போறது நான்தான்."

மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குள்ளமான அந்த அம்மா ஏறி உட்கார்ந்தாள். பெடல் பாதத்துக்கு அடியில் தானாக வந்து நின்றது.

"தலகாணி வெக்காமலே ரோடு தெரியுது" என்றாள் மெல்ல.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அங்கேயும் முட்டி டேஷ்போர்டில் இடித்தது. அவர் வாசலில் நின்ற மாஸ்டரின் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, நீங்க இதுல எப்படி உட்கார்ந்தீங்க?"

"ரெண்டு காலையும் கதவுப் பக்கமா சாய்ச்சு வெச்சுக்குவேன். தூரமா போனா மரத்துடும். இறங்கி நாலு எட்டு நடந்தா சரியாயிடும்."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இவள் உலாத்தப் போகிறாள் என்று எத்தனை தடவை பொறுமை இழந்திருப்பார். ஹாரனைக்கூட அடித்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"ஓட்டுறப்ப உங்க முகத்துல அவ்வளவு சந்தோஷம். அதைப் பாத்துட்டு எங்க சொல்றது?"

மருந்துக்கடை அம்மாவுக்கு வண்டி பேசி முடிந்தது. பக்கத்து இருக்கையை மட்டும் சரிசெய்து தர மாஸ்டர் ஒரு வாரம் கேட்டார். தான் வைத்த வெல்டிங்கைத் தானே அறுத்தார். பெஞ்சை இரண்டாக்கி, ஓட்டுகிற பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, மற்றதைத் தாழ்த்திப் பின்னால் தள்ளினார். அதில் உட்காரப்போகிற நெட்டை மனுஷரின் அளவு அவருக்கு ஞாபகமே வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "காலை நீட்டு" என்றார். இடித்தது. இன்னும் இரண்டு விரற்கடை தள்ளினார். இன்னும் ஒன்று. கடைசியில் அவள் முழுசாகக் காலை நீட்டி, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மருந்துக்கடை அம்மா சாவி வாங்க வந்து நின்றாள்.

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கங்கம்மா" என்றார் மாஸ்டர். "இப்பதான் காலை நீட்டியிருக்கா."