சீனா அண்ணாச்சி எழுதிய பரீட்சை

என் மேஜையில் பழைய வாக்கி டாக்கி ஒன்று இருக்கிறது. கறுப்பு உடம்பு, உப்புக்காற்றில் வெளுத்துப்போன ஏரியல், பக்கவாட்டில் ஒரு ரப்பர் பொத்தான். பொத்தானை அழுத்தினால் நாம் பேசலாம். விட்டால்தான் எதிராளி பேசுவது கேட்கும். அழுத்திக்கொண்டே இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் அலுவலகமொன்றில் இத்தனை வருஷமாக மேனேஜராகக் குப்பை கொட்டுகிற எனக்கு இது தெரியாத விஷயமா? தெரிந்து என்ன பிரயோஜனம்.

எங்கள் அலுவலகத்தில் கப்பல் காகிதங்களைக் கவனித்துக்கொள்பவர் சாத்தான்குளத்துக்காரர், வாத்தியார் வீட்டுப் பிள்ளை, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நிலக்கரி ஏற்றிவரும் கப்பல்களில் பாதிக்கு மேல் சீன மாலுமிகள். அவர்கள் தரும் காகிதங்களில் கோடும் கட்டமுமாக என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியவர், அந்த மொழிக்குள்ளேயே போய்விட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண் அசரும்போது அவர் கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலுக்குப் போய்ச் சமையல்காரர்களோடு உட்கார்ந்திருப்பார். வெளியூர் போய்ச் சீன மொழித் தகுதித் தேர்வை ஒவ்வொரு நிலையாக எழுதி, அன்றைக்கு உச்சமாக இருந்த ஆறாம் நிலையையும் முடித்துவிட்டார். அப்போதிருந்து அவர் எங்களுக்குச் சீனா அண்ணாச்சி.

அண்ணாச்சிக்குத் திக்கும். சாதாரணமாக இல்லை, ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் கழுத்து நரம்பு புடைத்துவிடும், பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். அதனால் நாங்கள் அவருக்கு எடுத்துக் கொடுப்போம். அவர் தொடங்குவார், நாங்கள் முடிப்போம். எல்லாரையும்விட வேகமாக முடிப்பவன் நான். அதை அன்பு என்றே நினைத்திருந்தேன், பெருமையாகவும் இருந்தது. கேன்டீனில் அவர் வாய் திறக்கும் முன்பே "அண்ணாச்சிக்குப் பூரி" என்று நான் சொல்லிவிடுவேன். அவரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். போனையும் வாக்கியையும் அவர் கையில் கொடுத்ததே இல்லை. சங்கடப்படுத்துவானேன் என்றுதான். சீனத்தில் எழுத வேண்டியதையெல்லாம் அவர் எழுதித் தருவார், நாங்கள் வாட்ஸப்பில் அனுப்புவோம்.

இப்படியிருக்கையில் ஒரு கப்பல் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. இந்தியத் துறைமுகங்களோடு தொடர்புகொள்ள ஷாங்காய் அலுவலகத்துக்கு ஓர் ஆள் வேண்டும். புதிதாக வந்திருக்கும் மேல்நிலைத் தேர்வை எழுதச் சம்மதிப்பவர் பெயரை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கென்றே செய்துவைத்த வேலை. மறுநாள் காலையில் அந்தப் பரீட்சையின் விவரங்களை அச்செடுத்துக்கொண்டு அவர் என் அறைக்கு வந்தார்.

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முன்பு ஆறு நிலைகள். கேட்பது, படிப்பது, எழுதுவது, அவ்வளவுதான். பேச்சுக்குத் தனிப் பரீட்சை, அதன் பக்கமே அண்ணாச்சி போனதில்லை. இப்போது ஒன்பது நிலைகள் என்று ஆக்கிவிட்டார்கள். ஏழு, எட்டு, ஒன்பது மூன்றுக்கும் சேர்த்து ஒரே பரீட்சை. வாங்குகிற மதிப்பெண்ணைப் பொறுத்து நிலை. அதில் மொழிபெயர்க்க வேண்டும். அதைவிடக் கொடுமை, பேச வேண்டும். கணினி முன்னால் உட்கார்ந்து, கொடுத்த நேரத்துக்குள் வாயால் பதில் சொல்ல வேண்டும். அடப்பாவிகளா, இந்த மனிதரின் இத்தனை வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டீர்களே என்று எனக்கு ஆற்றாமையாக வந்தது.

"சா... சார், இந்தப் ப... பரிச்சைய நான்..." என்று அவர் தொடங்கினார். நரம்பு புடைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பேசணும்னு மாத்திட்டானுவ, அதனால எழுதலன்னு சொல்லுதிய. அப்படித்தான அண்ணாச்சி? விடுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அவர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தகுதியான ஆள் இங்கே இல்லை என்று அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலில், சரக்கு அறைக்குள் மாலுமி ஒருவன் தவறி விழுந்துவிட்டான். நல்ல உச்சிவெயிலில் டாக்டரைக் கூட்டிக்கொண்டு லாஞ்ச் படகில் போனேன். கடல் குதித்துக்கொண்டிருந்தது. ஏணியை எந்தப் பக்கம் இறக்கியிருக்கிறார்கள் என்று வாக்கியில் கேட்டால், பதற்றத்தில் கேப்டனுக்கு இங்கிலீஷே மறந்துபோய்ச் சீனத்தில் கத்துகிறார். சீனா அண்ணாச்சியிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள் என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டுப் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

சீனத்தில் ஒரு குரல் வந்தது. நிதானமான, தடங்கலே இல்லாத குரல். கேப்டன் பதில் சொன்னார். அந்தக் குரல் அவரைத் தேற்றியது, கேள்வி கேட்டது, பதில் வாங்கியது.

"எவம்ல இது, நடுவுல ஒரு சீனாக்காரன்?" என்றேன். வேறு ஏதோ கப்பலின் கேப்டன் என்றே நினைத்தேன்.

அதே குரல் தமிழுக்கு மாறியது. "சா... சார், ஏ... ஏணி..."

இத்தனை வருஷம் பக்கத்து அறையில் இருந்த மனிதரின் குரல், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த அதிர்ச்சியிலும் பழக்கதோஷம் விடவில்லை. பொத்தானை அழுத்தி, "வலப்பக்கமா அண்ணாச்சி? வலப்பக்கம்தானே?" என்று அவருக்கு எடுத்துக் கொடுத்தேன். லாஞ்ச் ஓட்டிய வேம்பார்க்காரர் அதட்டினார்: "கைய எடுங்க சார்! அவரு பேசட்டும்."

கையை எடுத்தேன். அவர் மெதுவாகச் சொல்லி முடித்தார். ஏணி இடப்பக்கம். மாலுமிக்குத் தொடை எலும்பு முறிவு, நினைவு இருக்கிறது, ரத்தம் அதிகம் போகவில்லை. கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம், பிழைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவர் மேஜைக்குப் போனேன். "இப்படிப் பேசுவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?"

முதல்முறையாக நான் காத்திருந்தேன். நீளமாகத்தான் இருந்தது.

"சொல்லத்தான் சார் வ... வந்தேன். பரிச்ச எ... எழுதணும்னு. நீங்க மு... முடிச்சிட்டிய."

"சீனத்துல மட்டும் எப்படித் திக்கல?"

"அ... அதுல யாரும் எனக்கு எ... எடுத்துக் குடுக்க மாட்டாங்கல்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பூரி அவருக்குப் பிடிக்காது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணெய் ஒத்துக்கொள்ளாதாம், அவர் கேட்க நினைத்ததெல்லாம் இட்லியாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே கம்பெனிக்கு மறுபடி எழுதினேன். வேறு ஊர்க்காரர் ஒருவரைச் சேர்த்தாகிவிட்டது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அதை அவரிடம் கொடுத்தபோதும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. பிறகு அவரே லீவு போட்டுவிட்டுப் போய்ப் பரீட்சையை எழுதிவிட்டு வந்தார்.

கப்பல்களோடு இப்போது அவர்தான் பேசுகிறார். அவருக்குப் புது வாக்கி வந்ததால் பழையது என் மேஜைக்கு வந்தது. போன வாரம் என் எதிரே வந்து நின்றார்.

"சார், ரி... ரிசல்ட்டு வந்துட்டு. எனக்கு..."

அங்கேயே நின்றுவிட்டது. நரம்பு புடைத்தது. என் நாக்கு நுனிவரை ஒரு சொல் வந்துவிட்டது. வாக்கியைப் பார்த்தபடி கைகளை மேஜைக்கு அடியில் கோத்துக்கொண்டேன். வெளியே ஒரு லாரி பின்னால் நகர்ந்து, திரும்பி, போயே போய்விட்டது.

"...ஒன்பது" என்றார்.

நான் ஏழு என்று முடித்திருப்பேன்.