ஜீப் வருவதற்கு முன் ஒரு மாத்திரை

அனுமந்தன்பட்டி சுப்புத்தாய்க்குக் காலை என்பது நான்கு மணி. ஐந்துக்கெல்லாம் ஒச்சாண்டியின் ஜீப் தெருமுனையில் ஹாரன் அடித்துவிடும். கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவரும். ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாகப் போகும் அந்த வண்டியில், டிரைவருக்கு நேர் பின்னால் அவளுடைய இடம். கணவர் இறந்த பிறகு அந்த இடம்தான் வீட்டில் அடுப்பெரிய வைத்தது.

போன வருஷம் சர்க்கரை என்று தெரிந்தது. மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் மாத்திரை. விலை குறைவு, சர்க்கரைக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் இதுதான். காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள். அவள் காலையைப் பிடித்துக்கொண்டாள், சாப்பாட்டை விட்டுவிட்டாள். நான்கு மணிக்கு யார் சாப்பிடுவார்கள்? வரக்காப்பியோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடினாள். தூக்குச்சட்டியில் இருக்கும் கஞ்சியைத் தோட்டத்தில் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.

முதல் வாரமே மலைப்பாதையில் வயிறு கலக்கியது. வண்டியை நிறுத்தச் சொல்லிப் புதருக்குப் பின்னால் ஓடினாள். மறுநாளும் அப்படியே.

"மதினிக்கு வளைவுக்கு ஒரு புதரு வேணும். கேரளாக்காரன் வரி போடப்போறான் பாருங்க" என்றாள் பக்கத்து இருக்கை உமாதேவி. வண்டியே சிரித்தது. சுப்புத்தாயும் சிரித்தாள்.

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. "ஏத்தா, லேட்டாப் போனா தோட்டத்துக் கங்காணி என்னையத்தான் வையிறாரு. இப்பிடியே போச்சுன்னா வேற ஆளத்தான் ஏத்தணும்."

அன்றோடு வேலை நாட்களில் இரண்டு வேளை மாத்திரையையும் நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டாள். வயிறு அடங்கியது, இடம் தப்பியது. சர்க்கரையோ எங்கும் வலிக்கவில்லை.

மழை பிடித்ததும் தோட்டத்தில் அட்டை கிளம்பியது. எல்லாரும் காலில் மூக்குப்பொடி தேய்த்துக்கொண்டுதான் செடிக்குள் இறங்குவார்கள், அப்படியும் கடிக்கும். ஒரு சாயங்காலம் ஜீப்பில் உமாதேவி அலறினாள். "மதினி, காலெல்லாம் ரத்தம்!" விரலிடுக்கில் ஒரு அட்டை உப்பிக் கிடந்தது. கால் மரத்துக் கிடந்த சுப்புத்தாய்க்கு அது தெரியவே இல்லை.

மற்றவர்களுக்கு நாலு நாள் அரிப்போடு ஆறிவிடும் கடி, அவளுக்கு ஆறவில்லை. மஞ்சளைப் பற்றுப் போட்டு, ரப்பர் பூட்ஸுக்குள் காலைத் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். விரல் கறுத்தது.

வீடு வீடாகச் சர்க்கரை பார்க்க வந்த நர்ஸ் எப்சிபா, விரலில் குத்திச் சர்க்கரை மெஷினைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"மாத்திரை போடுறீகளாக்கா?"

"போட்டா வயித்தால போகுது தாயி. வண்டியில எப்பிடிப் போறது?"

"எத்தன மணிக்குப் போட்டீக?"

"நாலு மணிக்கு. காலையிலன்னுதான சொன்னாக?"

"சாப்பாடு?"

"அது பத்து மணிக்கு. தோட்டத்துல."

"அந்தப் பத்து மணிக் கஞ்சியோட போட்டிருக்கலாமேக்கா. வயித்துக்கு ஒத்துக்கலன்னா எங்ககிட்ட சொல்லியிருந்தா, அளவக் கொறச்சு ஆரம்பிச்சிருப்பாகளே."

"வெறும் வயித்துல போட்டதுக்கா இம்புட்டும்?"

"கெளம்புங்கக்கா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

இரண்டு விரல்களை எடுத்துத்தான் பாதத்தைக் காப்பாற்ற முடிந்தது. சில வாரம் இன்சுலின் ஊசி, கூடவே அதே மாத்திரை, சிறிய அளவில். ஈரத்திலும் அட்டைக்காட்டிலும் இனி கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு நான்கு மணிக்கே விழிப்பு வருகிறது. ஹாரன் கேட்கிறது, வண்டி நகர்கிறது. பத்து மணிக்குக் கஞ்சி குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கொல்லைக்கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உமாதேவி பார்க்க வந்தாள். "இப்ப வயிறு எப்பிடி மதினி?"

"ஒன்னும் பண்ணலடி." புகார் சொல்வதுபோலச் சொன்னாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கலக்குனாக்கூட, நிறுத்துனது சரிதான்னு மனசு ஆறும். கல்லு மாதிரி கெடக்கு."

உமாதேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் எடத்துல யாருடி உக்காருறா?"

"அன்னத்தாயி, மதினி." கொஞ்சம் தயங்கினாள். "அவளுக்கும் சர்க்கரைதான்."

சுப்புத்தாய் சட்டென்று நிமிர்ந்தாள். "மாத்திரை எப்பப் போடுறா?"