சின்னவளுக்கு ஒன்று, பெரியவளுக்கு மூன்று

சட்டை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக காஜா மெஷினில் உட்கார்ந்து பொத்தான் துளை போட்டவள் அவள். வீட்டில் மூத்த மருமகள். கொழுந்தன் பெண்டாட்டி அதே கம்பெனியில் சேர்ந்து, ஆறே மாதத்தில் சம்பளம் கூடுதலான காலர் தைக்கும் மெஷினுக்குப் போனதிலிருந்து இவளுக்கு வயிற்றெரிச்சல். போதாக்குறைக்கு மாமியார் எதற்கெடுத்தாலும் "சின்னவளைக் கேளு" என்பார்.

ஒருநாள் பெரியவளின் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி, விரல் சிவந்து வீங்கியது. சின்னவளுக்கும் அந்த வாரம் தொண்டைப் புண். இருவரும் ஒன்றாகவே டாக்டரம்மாவிடம் போனார்கள். சின்னவளுக்குத் தினம் ஒரே மாத்திரை, ஐந்து நாள். பெரியவளுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஏழு நாள்.

"அவளுக்கு மட்டும் நல்ல மாத்திரையா எழுதிட்டாங்க. எனக்குப் பாரு, மூட்டையா கட்டிக் கொடுத்திருக்காங்க," என்று புருஷனிடம் பொருமினாள்.

மதியம் இரண்டு மணிக்குக் கம்பெனியில் சின்னவளின் கண்ணெதிரே தான் மாத்திரை விழுங்குவதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. தினமும் காலையிலேயே அன்றைய மூன்றையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான்காம் நாள் விரல் விண்விண்ணென்று தெறித்தது. நகத்தோரம் சீழ் கோத்து, உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனதும் சின்னவள்தான்.

"மூணையும் ஒண்ணாவா போட்டீங்க?" டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த மருந்து கொஞ்ச நேரத்துல உடம்பை விட்டுப் போயிடும்மா. மிச்ச நேரம் முழுக்கக் கிருமிக்குக் கொண்டாட்டம்தான். அதனாலதான் பிரிச்சுப் போடச் சொன்னேன்."

"அவளுக்கு மட்டும் ஒண்ணு போதுமாக்கும்?"

"அது வேற மருந்து. உடம்புல நாள்கணக்கா தங்கும். ஆனா உங்க விரலுக்கு அதை நம்ப முடியாது."

சின்னவள் குனிந்து சிரிப்பை அடக்கியதைப் பெரியவள் பார்த்துவிட்டாள்.

சீழைக் கீறி எடுத்தார்கள். மாத்திரை முதலிலிருந்து தொடங்கியது. லீவில் கிடந்தவளுக்குத் தினமும் இரண்டு மணிக்கு போன் வந்தது.

"அக்கா, போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ உன் வேலையைப் பாரு."

எரிச்சலோடுதான், ஆனால் நேரம் தவறாமல் விழுங்கினாள். விரல் வீக்கம் வற்றியது.

வேலைக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது, அத்தனை நாளும் அவள் மெஷினைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டது சின்னவள் என்று. சின்னவள் துளை போட்டுக் கட்டிவைத்திருந்த சட்டைகளை உருவி, துளை துளையாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.

"மெதுவா போடுங்கக்கா, விரல் இப்பதான் ஆறியிருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றவள், அன்று வழக்கத்தைவிட நாற்பது சட்டை கூடப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.