டீச்சர் எழுதும் பரீட்சை

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கேள்வித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நிர்மலா டீச்சர் முதல் கேள்வியைப் படித்துப் பார்க்கிறார். முடியவில்லை. "எறும்பு ஊருத மாதிரி இருக்கு" என்று தன்னையே கடிந்துகொண்டு எழுத்தைப் பெரிதாக்குகிறார். அடுத்தது இடது கை. பேனாவை அதில் திணித்துக்கொண்டு விடை எழுதுகிறார். கோடு போட்ட இடம் போதவில்லை என்று தெரிந்ததும் இன்னும் இரண்டு கோடு சேர்க்கிறார். பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு மூன்றாவது கணக்கைப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சூளகிரியில் அந்த வாடகை வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள், உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தால் அவர்கள் மேல் குற்றமில்லை.

வகுப்பில் ஒரு பையனுக்குப் பார்வை மங்கல். ஒருத்திக்கு விரல்கள் ஒத்துழைக்காது. இன்னொருவனுக்கு ஜன்னலில் காக்கை உட்கார்ந்தால் போதும், பாடம் பறந்துவிடும். அத்தனை பேராகவும் ஒரு முறை தானே உட்கார்ந்து எழுதிப் பார்க்காமல் டீச்சர் எந்தத் தாளையும் பள்ளிக்கு எடுத்துப் போவதில்லை.

கடைசிச் சோதனை கணவர் முத்துமணி. ஓசூரில் ராத்திரி ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்கு இட்லித் தட்டுக்கு முன்பே கேள்வித்தாள் வந்துவிடும்.

"திங்கவாவது விடுதியா நிர்மலா?"

"ஒரே ஒரு கணக்குதான். புரியுதா புரியலையா, அதை மட்டும் சொல்லுங்க."

"'மீதியைக் காண்க'ன்னு போட்டிருக்க. எதுல மீதி? நான் தூங்காத மீதியா?"

டீச்சர் அந்த வரியை அடித்துவிடுவார். தூக்கம் சொக்குகிற மனிதனுக்குப் புரிந்தால் ஐந்தாம் வகுப்பில் எவருக்கும் புரியும் என்பது அவருடைய கோட்பாடு. இந்தக் கோட்பாட்டுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தந்ததில்லை. முத்துமணிக்கும் இதற்கென்று யாரும் ஓவர்டைம் தந்ததில்லை.

டீச்சருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலை வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில். அந்த வகுப்பறையில் பிள்ளைகள் தெலுங்கில் சண்டை பிடித்து, கன்னடத்தில் சமாதானமாகி, தமிழில் வந்து புகார் சொல்வார்கள். பயிற்சி வகுப்புகளில் காலையில் 'ஒவ்வொரு குழந்தையும் தனி உலகம்' என்று சொல்லிக்கொடுப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின், எல்லா உலகங்களும் ஒரே தேதியில் ஒரே பாடத்தை முடிக்க வேண்டும் என்பார்கள். டீச்சர் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு வந்து, ஒரே கணக்கை நான்கு விதமாகக் கேட்டுத் தாள் தயாரிப்பார். தலைமை ஆசிரியர் சென்னகிருஷ்ணன் தடுத்ததில்லை. "ஒரு கிளாசுக்கு நாலு பேப்பர் அடிச்சா ஜெராக்ஸ் மெஷின் வேலைய வுட்டுட்டுப் போயிடும் மேடம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். டீச்சருக்குச் சந்தேகம் வந்து யாரும் பார்த்ததில்லை. அது அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கு வருவது.

இந்த ஜூலையில் நடந்த தேர்வில்தான் சறுக்கியது.

நான்கு தாளுக்கும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டால் பிள்ளைகள் உயர்வு தாழ்வு கண்டுபிடித்துவிடுவார்கள் என்று டீச்சர் யோசித்தார். யாருக்கும் மனம் நோகாத பெயராக வைக்க வேண்டும். சீசன் வேறு. மல்கோவா, செந்தூரா, நீலம், பெங்களூரா என்று அழகாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மாம்பழம் வரைந்தார். எல்லாமே இனிப்பு, எல்லாமே மஞ்சள். இதில் என்ன உசத்தி என்பது கோவில்பட்டிக்காரரின் கணக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், மல்கோவா விருந்தாளி தட்டுக்குப் போகும், பெங்களூரா லாரியில் கொட்டிக் கூழ் ஆலைக்குப் போகும் என்று. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தரம் பிரித்து அறிவிக்க இதைவிடத் தெளிவான வழியை எதிரிகூட யோசித்திருக்க மாட்டான்.

பெங்களூரா, காவேரிக்குப் போயிற்று. காவேரி மனக்கணக்கில் டீச்சரையே முந்துகிறவள். தாளில் நீள வாக்கியம் வந்தால் மட்டும் அவளுக்கு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தாள் கைக்கு வந்ததுமே பக்கத்து பெஞ்சிலிருந்து, "உனுக்கு பெங்களூராவா? கூழுக்குப் போ" என்று ஒரு குரல் வந்தது. காவேரி ஒரு எழுத்தும் எழுதவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அப்பா முனிராஜ் வந்தார். மாந்தோப்புக்காரர். காம்பை முகர்ந்து என்ன ரகம், யார் தோட்டம் என்று சொல்லக்கூடியவர் என்று பெயர்.

"இன்னா மேடம், எம் பொண்ணு கூழுக்குப் போறவளா?"

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "கண்ணக் கட்டி வுட்டாலும் ரகம் சொல்றவன் நானு. எங்கிட்டயே என் பொண்ணுக்கு ரகம் சொல்றீங்க. சாலு மேடம், போதும். திங்கக்கிழமை வர்றேன், டி.சி. எழுதி வையிங்க. மாலூர்ல எங்கக்கா வூடு இருக்குது, அங்க சேத்துக்கறேன். இல்லன்னா வூட்லயே இருக்கட்டும்."

எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் மாலூர் என்பது பேச்சுக்கு. 'வூட்லயே இருக்கட்டும்' என்பதுதான் முடிவு என்று டீச்சருக்குத் தெரியும். அப்படி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களின் தங்கைகள் இரண்டு பேர் அதே வகுப்பில் படிக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சி போட்டபடியே இருந்தது. டீச்சர் அதை அணைக்க மறந்திருந்தார். முத்துமணி தாமாகவே வந்து உட்கார்ந்து, "எங்க, தாளக் கொண்டா" என்று கேட்ட ஒரே ஞாயிறு அதுதான். பெயர்கள் போயின. மாம்பழப் படங்கள் போயின. மங்கல் பார்வைக்காரனுக்குப் போட்ட பெரிய எழுத்து எல்லாத் தாளுக்கும் வந்தது. கணக்கு ஒன்றே: ராயக்கோட்டைச் சந்தைக்குப் போன தக்காளிக் கூடைகளில் நசுங்கியது போக எத்தனை தேறும். ஒரு தாளில் அது ஒரே வாக்கியம். ஒன்றில் படம். ஒன்றில் பாதி நிரப்பிய கட்டம். ஒன்றில் சின்னச் சின்னக் கேள்விகளாகப் படி இறங்கி வந்தது.

திங்கட்கிழமை முனிராஜ் வந்ததும் தலைமை ஆசிரியர் அறையிலேயே டீச்சர் நான்கையும் அவர் முன்னால் பரப்பினார்.

"இதுல உங்க மகளுக்கு வச்சது எது? நீங்கதான் ரகம் சொல்லுறவங்களாச்சே. சரியாச் சொல்லிட்டா, டி.சி. எழுதச் சொல்லி ஐயாகிட்ட நானே சொல்லுதேன்."

சென்னகிருஷ்ணன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். ஒரு பிள்ளையின் படிப்பைப் பந்தயத்தில் வைக்கலாம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

முனிராஜ் முதலில் ஒரு தாளை எடுத்தார். கை தானாக அதை மூக்குக்குக் கொண்டுபோயிற்று. முகர்ந்துவிட்டுச் சட்டென்று கீழே இறக்கினார். பிறகு உட்கார்ந்து, உதடசைத்து, நான்கையும் படித்தார். விரல் விட்டுக் கணக்குப் போட்டார். படத் தாளைத் தொட்டார், விட்டார். கட்டம் போட்டதைத் தொட்டார், விட்டார். கடைசியில் சின்னக் கேள்விகள் நிறைந்த தாளைத் தூக்கித் தனியே வைத்தார்.

"இது படிக்கிற பசங்களுது. கேள்வி ஜாஸ்தி. இத வுட்டுடலாம். மத்த மூணுலதான் எதுவோ ஒண்ணு எம் பொண்ணுது."

"அதுதான் உங்க மகளோடது" என்றார் டீச்சர்.

முனிராஜ் அதைத் திரும்ப எடுத்தார். "இதுல மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி?"

"கணக்கு ஒண்ணுதான். மத்தவங்க ஒரே தாவா தாவுவாங்க. இவ எட்டு வச்சு நடப்பா. கடைசி விடையைப் பாருங்க, எங்கயாவது குறையுதா?"

அவர் மறுபடி விரல் விட்டார். நான்கு தாளிலும் ஒரே எண்ணிக்கைதான் தேறியது.

"இத்தினி கேள்வியும் அவ போட்டுருவாளா?"

"கூட்டிட்டு வாங்க. போடுதாளா இல்லையான்னு பக்கத்துல நின்னே பாருங்க."

மன்னிப்பு, நன்றி ஆகிய சொற்கள் எதுவும் அங்கே புழங்கவில்லை. முனிராஜ் போனை எடுத்து, தெலுங்கில் வீட்டுக்கு ஏதோ சொன்னார். அதில் காவேரி என்ற பெயரும் யூனிபார்ம் என்ற சொல்லும் மட்டும் டீச்சருக்குப் புரிந்தன. வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "இனிமே மாங்கா பேரு வெக்கறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கரெக்டாச் சொல்லிருந்தா இன்னா மேடம் பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

"சொல்ல மாட்டாரு சார்" என்றார் டீச்சர்.

சென்னகிருஷ்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். காவேரியின் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து ஒரு முறை படித்தார். இடது கையில் பேனாவைப் பிடித்து, கோடு போதுமா என்று பார்த்தார். பிறகு யாரும் கவனிக்கிறார்களா என்று வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.