புக்கிட் பெருந்துங்கில் என் பெயரில் ஒரு வீடு

மலேசியாவில், ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை என் கணவர் ஓட்டுகிறார். பத்தாங் காலியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கடன் முடிந்த வருடம், இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற ஆசை எனக்கு வந்தது. நாங்கள் இருவருமே தோட்டம் கொடுத்த லய வீட்டில் பிறந்தவர்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட எங்கள் பெற்றோர் தோட்டத்து அலுவலகக் கிராணியிடம் கேட்க வேண்டியிருந்தது.

முதலில் கண் போனது உலு யாம் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஓர் இரட்டை மாடி வீட்டின் மேல். மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்த அன்றே முன்பணம் கட்டினோம். வங்கிக்குப் போனது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையே தப்பு என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

வங்கியில் எங்கள் மனுவைப் பார்த்தவர் ஓர் இளம் தமிழ்ப் பெண். கணினியை எங்கள் பக்கம் திருப்பினார்.

“அக்கா, ஒங்க கடன் பதிவு சுத்தமா இருக்கு. அண்ணனோடதுலதான் பிரச்சினை. லோரிக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்காரே, அது பல மாசம் கட்டாம கெடக்கு.”

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் தம்பி லோரி வாங்கியபோது கையெழுத்துப் போட்டிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

“ஒன்கிட்ட சொல்லியிருக்கணும்,” என்றார் காரில் திரும்பும்போது. “கட்டிட்டேன்னு தம்பி சொன்னான். நானும் நம்பிட்டேன்.”

“வீடு போனா போவுது. இத ஏன் மறைச்சீங்க?”

கடன் கிடைக்கவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. ஒரு வாரம் எனக்குக் கோபம் ஆறவில்லை.

கோபம் ஆறியதும் தனியாக அதே வங்கிக்குப் போனேன். என் சம்பளத்துக்கு மட்டும் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று கேட்டேன். அந்தப் பெண் கணக்குப் போட்டுச் சொன்ன தொகை, இரட்டை மாடி வீட்டுக்குக் கிட்டக்கூட வராது.

“இதுவே போதும்க்கா. வாடகை வரும்னு நம்பி கடன் எடுக்காதீங்க. வீடு ஆறு மாசம் காலியா கெடந்தாலும் ஒங்க சம்பளத்துலயே கட்ட முடியணும். அந்த மாதிரி வீடா பாருங்க.”

அந்தத் தொகைக்குள் அகப்பட்டது புக்கிட் பெருந்துங்கில் ஏலத்துக்கு வந்த ஒரு மாடி வரிசை வீடு. ஏல வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. வெளியிலிருந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே பல நேரங்களில் போனோம். நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலமும் போனோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னார். பின்னறையில் கூரை ஒழுகும், தெருவில் தண்ணீர் ஏறாது, தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம்தான் வீடு தேடுவார்கள் என்றார். வரி பாக்கி, தண்ணீர் பாக்கி இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரை வைத்து விசாரித்தோம்.

ஏலத்தன்று இந்த விலைக்கு மேல் போவதில்லை என்று காரிலேயே பேசி வைத்துக்கொண்டோம். எங்களோடு இன்னொருவர்தான் கேட்டார். விலை ஒவ்வொரு தடவை ஏறும்போதும் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் வைத்த எல்லைக்கு ஒரு படி கீழே அந்த மனிதர் நிறுத்திக்கொண்டார்; வீடு எங்களுக்குக் கிடைத்தது.

கூரையைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடாமலே கொழுந்தன் லோரியில் தகரம் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“அண்ணி, கூலி ஒன்னும் வேணாம் லா. லோரி பாக்கியையும் கட்டிக்கிட்டு வரேன்.”

“மொதல்ல பசியாறுங்க, அப்புறம் ஏறலாம்,” என்றேன். அண்ணனும் தம்பியும் அன்று இருட்டும் வரை கூரை மேலேயே இருந்தார்கள். கீழே நின்ற எனக்கு அவர்கள் சிரிப்பது கேட்டது.

வேலை முடிந்த பிறகு மூன்று மாதம் வாடகைக்கு யாரும் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் போய்ச் சன்னலைத் திறந்து, கூட்டிவிட்டு வருவேன். பிறகு தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த ஓர் இளம் தம்பதி வந்தார்கள். வாடகை முன்பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். சரி என்றேன். ஆனால் அதையும் ஒப்பந்தத்தில் எழுதி, முத்திரை வைத்து, ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்துக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன். நல்லவர்களாகத் தெரிகிறார்கள், இதெல்லாம் வேண்டுமா என்று கணவர் கேட்டார். நல்லவர்களோடு மனஸ்தாபம் வராமல் இருக்கத்தான் இது என்றேன்.

நான்கு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் அங்கே குடியிருக்கும் அந்தப் பெண் போன் செய்தாள்.

“அக்கா, நாங்களும் சொந்தமா வீடு பாக்கறோம். ஒரு நாள் கூட வந்து பாத்துச் சொல்றீங்களா?”

போன சனிக்கிழமை நால்வரும் போனோம். மூன்றாவதாகப் பார்த்த வீட்டின் சமையலறையில் அவள் நெடுநேரம் நின்றாள். பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. வீட்டு முகவர் அருகில் இருந்தார், ஆசை தெரிந்தால் விலையைக் குறைக்க மாட்டார் என்பதால், “இங்க ஒன்னும் சொல்லாத, வெளிய போய் பேசிக்கலாம்,” என்று அவள் காதில் சொன்னேன். பிறகு ரொட்டி சானாய்க் கடையில் உட்கார்ந்து, எந்த அறை யாருக்கு என்று அவர்கள் இருவரும் வாதாடுவதை நானும் கணவரும் தேத்தண்ணி குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தோம்.