மாலை போடாத போட்டோ

மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

அந்த அமெரிக்க முகமூடி வீரன் தொடரில் வீரனின் அண்ணன் சாகவில்லை என்று இந்த ரசிகர் குழுவில் முதலில் எழுதியவன் நான். அம்மா வீட்டுச் சுவரில் அவன் போட்டோவுக்கு மாலை இல்லை என்பதுதான் என் ஆதாரம்.

"அமெரிக்காவில் யாருய்யா மாலை போடுவார்கள்?" என்று சிரித்தீர்கள். சிரித்த அத்தனை பேரும் நினைவில் இருக்கிறீர்கள்.

இன்று அருப்புக்கோட்டை பஸ்ஸில், பரளச்சியில் ஏறிய மில் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் அதே தொடரைப் பார்த்தார்.

"அண்ணே, இவன் செத்திருக்க மாட்டான். ஆத்தாக்காரி மாலை போடலையே, பாத்தீகளா?"

என் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தும் எனக்கு மகிழத் தெரியவில்லை. குழுவில் நீங்கள் சொன்னதையே சொன்னேன். "அவுக ஊருல அந்த வழக்கமே கிடையாது தம்பி."

அவர் செல்போனை அணைத்தார்.

"எங்க அண்ணன் லாரியில லோடு ஏத்திட்டுப் போயி ஆறு வருசமாச்சுண்ணே. ஒரு தகவலும் இல்ல. சொந்தக்காரவுக போட்டோவுக்கு மாலை போடச் சொல்றாக. அம்மா விடமாட்டேங்குது."

டவுன் வந்தது. இறங்கும்போது நான்தான் சொன்னேன்: "இன்னும் ரெண்டு எபிசோடு இருக்கு தம்பி. அதுக்குள்ள முடிவு கட்டாதீக."

அண்ணன் சாகவில்லை; என் கருத்தில் மாற்றமில்லை. மறுப்பவர்கள் வரலாம்.

என் பெயரைப் பார்த்தாலே உங்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். யாரென்று கண்டுபிடித்தாலும், இன்று ஒருநாள் சிரிக்காதீர்கள்.