செருப்பைக் கழற்றச் சொன்னவர்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடியில் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவர் அதைத் தொடவே விடாத மனிதர். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. அந்தத் துணியால் திரையைத் துடைத்துவிட்டு உடனே உறை போட்டு மூடிவிடுவார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். தூசி பட்டால் மெஷின் செத்துவிடுமாம். ஆறு மாதம் கோவில்பதாகையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து நான் புரோகிராம் எழுதியதெல்லாம் நோட்டில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறந்து வைத்த நோட்டை எடுக்கப் போனேன். உறை தரையில் கிடந்தது. மனிதர் செருப்புக் காலோடு உட்கார்ந்து கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது?" கத்தியேவிட்டேன்.

"மெஷின் நல்லா கீதான்னு பாக்குறேம்மா," என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். கார் மரத்தில் மோதி நின்றது. "இந்த வளைவுலயே மாட்டிக்கினு கீறேன். பிரேக்குக்கு எந்த பட்டன்னு உனக்குத் தெரியுமா?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவரிடம் படித்தவள் அல்லவா நான்!